பழம் சேர்த்த பீர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

முதல் நொதிப்பு முடிந்து பீர் அடங்கியதும் பழத்தைப் போட்டுவிட்டு, இனி ஊறினால் போதும் என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் பழத்தோடு சர்க்கரை, தண்ணீர், அமிலம், பெக்டின், நார் எல்லாம் உள்ளே போகின்றன. தூங்கப் போன ஈஸ்ட் மறுபடி எழுந்து வேலை பார்க்கிறது. இரண்டாம் நொதிப்பு என்ற பெயரைக் கேட்டு அதை வெறும் காத்திருப்பு என்று நினைத்தால், கீழே உள்ள கோளாறுகளில் பாதி வந்து சேரும்.

இதில் வரும் கணக்குகள் எல்லாம் 20 லிட்டர் பீர், 5 சதவீத ஆல்கஹால், பழம் போடுமுன் ஹைட்ரோமீட்டரில் (தண்ணீரை 1.000 என வைத்து அடர்த்தியைக் காட்டும் கருவி) 1.010 என்ற அளவை வைத்துச் சொன்னவை. இன்னொன்று. பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தடையில்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். எனவே இது அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்காக எழுதியது.

எதையும் தொடும் முன்

ஒரு குவளை பீரை எடுத்து மெல்லிய துணியில் வடிகட்டி, குமிழி போகும்வரை கலக்கி, பிறகு ஹைட்ரோமீட்டரை விடுங்கள். கூழ் மிதக்கும் பீரில் அளந்தால் எண் உயர்த்திக் காட்டும். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இங்கே உதவாது, ஆல்கஹால் கலந்ததும் அதன் கணக்கு பிசகிவிடும்.

என்ன எண் வர வேண்டும்? 3 கிலோ மாம்பழக்கூழ் போட்டால், 100 கிராமுக்கு 14 கிராம் சர்க்கரை என்ற கணக்கில் 420 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. நன்றாகக் கலந்திருந்தால் 1.010 என்பது 1.016 வரை ஏறும். நொதித்து முடிந்ததும் 1.008-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆல்கஹால் 5-இலிருந்து 5.6 அளவுக்குத்தான் போகும், ஏனென்றால் பழத்தோடு இரண்டரை லிட்டர் தண்ணீரும் வந்திருக்கிறது. ராஸ்பெர்ரி என்றால் கதையே வேறு. அதில் சர்க்கரை 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 2 கிலோ போட்டால் பீர் ஒரு துளி நீர்த்துத்தான் போகும். பழம் போட்டால் பீர் கடுமையாகும் என்று எல்லாப் பழத்துக்கும் சேர்த்துச் சொல்ல முடியாது.

பாட்டிலைத் திறந்தால் பீறிடுகிறது, அல்லது ஒன்று வெடித்துவிட்டது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்றக் கோளாறுகள் பீரைத்தான் கெடுக்கும், இது கண்ணைக் கெடுக்கும்.

லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 வால்யூம், அதாவது பீரின் அளவுக்குச் சமமான அளவு, கரியமில வாயு உருவாகும். வழக்கமான பீரில் இருப்பது 2.2 முதல் 2.7 வால்யூம் வரை. சாதாரண பீர் பாட்டிலை 3-க்கு மேல் நம்பக் கூடாது. மேலே சொன்ன மாம்பழச் சர்க்கரை முழுவதும் நொதிக்காமல் பாட்டிலுக்குள் போனால் அது மட்டுமே 4.5 வால்யூமுக்கு மேல். அதோடு குமிழிக்காக நீங்கள் போடும் சர்க்கரையும் சேர்ந்தால் 7-ஐத் தொடும். ஷாம்பெயினின் தடித்த பாட்டிலில் இருப்பதே 6 வால்யூம் அளவுதான்.

ஹைட்ரோமீட்டரில் 0.002 மிச்சம் இருப்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. பாட்டிலுக்குள் அது இன்னொரு வால்யூம். அதனால்தான் இரண்டு அளவுகள் மூன்று நாள் இடைவெளியில் ஒன்றாக வரும்வரை பாட்டிலில் அடைக்கக் கூடாது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத அடைப்பு) குமிழி நின்றுவிட்டது என்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே அடைத்தாகிவிட்டதா? கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிந்து, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றிக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். குளிர்ந்தால் வாயு பீருக்குள் கரையும், ஈஸ்டும் அடங்கும். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்தபின், துண்டு மூடியபடியே மூடியை லேசாக நெம்பி, உஸ்ஸென்று போகவிட்டு, மறுபடி புது மூடி போடுங்கள். ஒன்று ஏற்கெனவே வெடித்திருந்தால் மிச்சத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். கனமான போர்வையை மேலே போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குளிரவிட்டு, பிறகு கொட்டிவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் வாரங்கள் போகப் போகப் பீறிடல் கூடிக்கொண்டே போனால், பழத்தோடு வந்த காட்டு ஈஸ்ட் வேலை செய்கிறது என்று பொருள். சாதாரண ஈஸ்ட் தொடாத நீளச் சர்க்கரைகளையும் அது மெதுவாகத் தின்னும். அந்தத் தொகுதியைக் குளிரிலேயே வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுவதே நல்லது.

பழம் போட்டு மூன்று நாள் ஆகியும் ஒரு அசைவும் இல்லை

அளந்து பாருங்கள். எண் இறங்கியிருந்தால் வேலை நடக்கிறது, பக்கெட் மூடியின் ஓரம் வழியாக வாயு போகிறது, அவ்வளவுதான். எண் அப்படியே நின்றால் மூன்று காரணங்களில் ஒன்று.

குளிர் முதல் காரணம். உறைந்த பழத்தை நேராகப் போட்டால் மொத்த பீரும் சில டிகிரி இறங்கி, ஈஸ்ட் அடியில் படிந்துவிடும். 18 முதல் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, கலனைப் பிடித்து மெதுவாக ஒருமுறை சுழற்றிவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

ஈஸ்டே போதவில்லை என்பது அடுத்தது. பீரைத் தெளியவிட்டு, மண்டியை விட்டுவிட்டு, வேறு கலனுக்கு மாற்றிய பிறகு பழம் போட்டிருந்தால் இப்படி நடக்கும். முதலில் பயன்படுத்திய அதே ஏல் ஈஸ்ட் அரைப் பாக்கெட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்தால் போதும்.

மூன்றாவது, பழக்கூழ் டின்னின் லேபிள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட், அல்லது ஈ202, ஈ211 என்று இருந்தால் அதில் ஈஸ்ட் பெருகாது. புது ஈஸ்ட் போட்டாலும் பயன் குறைவு. கெக் (வாயு ஏற்றும் உலோகப் பீப்பாய்) வைத்திருப்பவர்கள் குளிரவைத்து வாயு ஏற்றிக் குடிக்கலாம். பாட்டிலில் இயற்கையாகக் குமிழி வரும் என்று நம்ப முடியாது, சில மாதம் கழித்து வந்து தொலைத்தால் அது இன்னும் மோசம். டொராண்டோ, லண்டன், மெல்பர்ன் என்று எங்கே போனாலும் இந்தியக் கடைகளில் 850 கிராம் மாம்பழக்கூழ் டின் கிடைக்கும். அதில் பலவற்றில் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்த்திருப்பார்கள். அது கெடுதல் இல்லை, ஆனால் சர்க்கரைக் கணக்கு மாறும். எனவே லேபிளில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்துப் போடுங்கள்.

ஏர்லாக்கில் கூழ் ஏறிவிட்டது, மூடி உப்புகிறது

உடனே ஏர்லாக்கைக் கழற்றுங்கள். முகத்தை மேலே நீட்டாமல், கை நீளத்துக்குத் தள்ளி நின்று செய்யுங்கள். அடைத்துக்கொண்ட பழத்தோல் ஒரு தக்கை மாதிரி பிடித்திருக்கும். அது விடுபட்டால் ராஸ்பெர்ரி கூரைவரை போகும். கிருமிநாசினியில் நனைத்த அலுமினியத் தாளால் வாயைத் தளர்வாக மூடிவிட்டு, விரல் தடிமனுக்கு மேல் உள்ள குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைக் கிருமிநாசினி ஊற்றிய வாளியில் விடுங்கள். கொதிப்பு அடங்கிய பிறகு ஏர்லாக்கைத் திரும்பப் போடலாம்.

குறுகிய கழுத்துள்ள கார்பாயில் முழுப்பழத்தைப் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். போடுவதும் கஷ்டம், எடுப்பது அதைவிடக் கஷ்டம். அகன்ற வாய் உள்ள பக்கெட், மேலே நாலில் ஒரு பங்கு காலி இடம், பழம் மஸ்லின் துணிப் பைக்குள். இந்த ஏற்பாடு இருந்தால் இந்தக் கோளாறே வராது.

மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது

டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மூன்று விதமாகத் தெரியும்.

பழத்துண்டுகளுக்கு நடுவே பழுப்பு கலந்த நுரை, ஈரமாக, கலனை அசைத்தால் கலைந்து போகிறதா? அது ஈஸ்ட். மூடிவிட்டுப் போய்விடுங்கள்.

பால் ஆடை போல மெல்லியதாக, சுருக்கம் விழுந்து, கீழே அகப்பட்ட குமிழிகளோடு இருந்தால் காட்டு ஈஸ்டோ பாக்டீரியாவோ குடியேறியிருக்கிறது. ஆடையைக் கலைக்காமல் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து முகருங்கள். வினிகரோ நகப்பூச்சு நீக்கியோ போல நெடி அடித்தால் காற்று புகுந்து அசிட்டிக் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. சுத்தமான புளிப்பாக இருந்தால் புளிப்பு பீராக மாற்றிக்கொள்ளலாம், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அந்தக் கலனின் ரப்பர், குழாய் எல்லாவற்றையும் மற்ற பீருக்குப் பயன்படுத்தாமல் தனியாக வையுங்கள்.

பஞ்சு போல உலர்ந்து, ரோமம் முளைத்து, பச்சையோ நீலமோ கறுப்போ கண்ணில் பட்டால் அது பூஞ்சணம். மேலாக எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. பூஞ்சணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கலாம். கொட்டிவிடுங்கள்.

பூஞ்சணம் எப்போதும் பீரின் மட்டத்துக்கு மேலே தலைநீட்டும் பழத்தில்தான் பிடிக்கும். வாயு பழத்தைத் தூக்கிவிடும், மேல்பகுதி காய்ந்துவிடும், அங்கே இடம் கிடைக்கிறது. பைக்குள் கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டால் பழம் மூழ்கியே இருக்கும். தினமும் திறந்து கரண்டியால் அமுக்குவதைவிட இது நல்லது, திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகிறது.

பழத்தை உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாகாது, தூங்கும். உறையவைப்பதன் பயன் வேறு: பனித்துகள்கள் செல்சுவரைக் கிழிப்பதால் சாறும் மணமும் எளிதாக வெளிவரும். கிருமியைக் கொல்ல வேண்டுமானால் 71 முதல் 75 டிகிரிவரை சூடாக்கி 15 நிமிடம் வைத்து, மூடி ஆறவிடுங்கள். கொதிக்கவிடாதீர்கள். அதிலிருந்து இன்னொரு கோளாறு பிறக்கும், கீழே வருகிறது.

பழம் போட்டேன், பழ ருசியே இல்லை

அதிகம் பேர் மனம் உடைவது இங்கேதான். மாம்பழம் என்று நாக்கு அடையாளம் காண்பதில் பாதி இனிப்பு. அந்த இனிப்பை ஈஸ்ட் தின்றுவிட்டது. மிஞ்சியது மணமும் அமிலமும் மட்டும். எனவே இன்னும் பழம் போடுவதற்கு முன்னால், குறைவது மணமா இனிப்பா என்று பிரித்துப் பாருங்கள்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மூன்று சின்னக் குவளைகளில் 100 மில்லி பீர் எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் லாக்டோஸ் 1 கிராம் கரைத்துக் கலக்குங்கள். மூன்றாவதில் சிட்ரிக் அமிலத் தூளை நகக்கண் அளவு போடுங்கள். இரண்டாவதில் பழம் சட்டென்று முன்னால் வந்தால், மணம் உள்ளே இருக்கிறது, இனிப்புதான் இல்லை. லாக்டோஸைச் சாதாரண பீர் ஈஸ்ட் தொடாது. குவளையில் 1 கிராம் என்றால் 20 லிட்டருக்கு 200 கிராம், கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்க்கலாம். பாலின் சர்க்கரை ஒவ்வாதவர்கள் குடிக்கக் கூடாது என்பதை விருந்தாளிகளிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவதில் பழம் விழித்துக்கொண்டால் அமிலம் போதவில்லை. மாம்பழம், பீச் போன்ற சாந்தமான பழங்களில் அடிக்கடி இப்படி இருக்கும். இரண்டிலுமே ஒன்றும் மாறவில்லை என்றால்தான் பழம் குறைவு.

எவ்வளவு போதும்? ராஸ்பெர்ரி லிட்டருக்கு 60 முதல் 120 கிராம். பேஷன் ஃப்ரூட் அதைவிடக் குறைவாகவே போதும், கூடினால் வேறு எதுவும் தெரியாது. புளிச்செர்ரி 120 முதல் 240. மாம்பழம், பீச், ஆப்ரிகாட் 150-க்குக் கீழே போட்டால் பெயருக்குத்தான் இருக்கும். பீச் சுவை வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது ஆப்ரிகாட் போடுங்கள் என்பதுதான். நொதித்த பிறகு பீச்சைவிட ஆப்ரிகாட்தான் பீச் போல ருசிக்கும். ஸ்ட்ராபெர்ரி ஏமாற்றும் பழம்: நிறமும் வெளிறும், மணமும் ஓடும். தளதளவென்று கனிந்ததைப் போட்டு, சீக்கிரம் குடித்துவிட வேண்டும். ப்ளூபெர்ரி நிறத்தைத் தாராளமாகத் தரும், ருசியைக் கஞ்சத்தனமாகத் தரும்.

அடிப்படை பீரையும் கவனியுங்கள். கசப்பு மிகுந்த ஐபிஏவிலும் வறுத்த மால்ட் நிறைந்த ஸ்டவுட்டிலும் மெல்லிய பழம் மூழ்கிப்போகும். கோதுமை பீர், பிளாண்ட் ஏல் இவைதான் இடம் கொடுக்கும். ஸ்டவுட்டில் செர்ரியும் ராஸ்பெர்ரியும் மட்டும் விதிவிலக்கு.

வாய் காய்கிற மாதிரி துவர்க்கிறது

தோல், விதை, வெள்ளை நார் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து வருகிறது. ராஸ்பெர்ரியை மிக்சியில் அரைத்தால் விதை உடைந்து துவர்ப்பு இறங்கும், கையால் மசித்தால் போதும். ஆரஞ்சுத் தோலைச் சீவும்போது வெள்ளைப் பகுதி வந்துவிட்டால் கசக்கும். பழம் ஒன்று இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறது, அதற்கு மேல் வைத்தால் பெரும்பாலும் தோலும் விதையும்தான் கரைகின்றன. பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்தில் கிரீக் என்ற செர்ரி பீர் காய்ச்சுபவர்கள் புளிச்செர்ரியைக் கொட்டையோடு மாதக்கணக்கில் மரப்பீப்பாயில் போட்டு வைப்பார்கள், கொட்டையிலிருந்து பாதாம் வாசனை இறங்கும். அது லாம்பிக் என்ற, புளித்து முதிர்ந்த பெல்ஜிய பீர். நம் வீட்டு ஏலுக்கு அந்த நேரக்கணக்கு பொருந்தாது.

துவர்ப்பு வந்துவிட்டால் பழத்தை எடுத்துவிட்டுக் குளிரில் மூன்று நான்கு வாரம் வையுங்கள். கொஞ்சம் படிந்து குறையும்.

கலங்கலாகவே நிற்கிறது

பழத்தைக் கொதிக்கவைத்திருந்தால் முதலில் பெக்டினைச் சந்தேகியுங்கள். ஜாம் இறுகுவது எதனாலோ அதேதான் இங்கே கலங்கலாக நிற்கிறது. உறுதிசெய்ய, ஒரு பங்கு பீரில் மூன்று நான்கு பங்கு மெதிலேட்டட் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த ஆல்கஹால்) ஊற்றிக் குலுக்கி, அரை மணி நேரம் வையுங்கள். வழுவழுப்பான நூல்களோ கட்டிகளோ மிதந்தால் பெக்டின்தான். அந்தக் குவளை நஞ்சு, அப்படியே சிங்க்கில் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

மருந்து பெக்டினேஸ் நொதி. ஆல்கஹால் இருக்கும் இடத்தில் அது மந்தமாகத்தான் வேலை செய்யும், அதனால் பாக்கெட்டில் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு போட்டு, அறை வெப்பத்தில் ஒரு வாரம் விடுங்கள். அடுத்த முறை பழத்தை மசித்தவுடன், பீரில் கலக்கும் முன்பே அதில் நொதியைத் தூவி ஒரு இரவு வைத்தால் வேலை எளிது.

சோதனையில் நூல் வரவில்லை என்றால் அது ஈஸ்டோ கோதுமைப் புரதமோ கூழோதான். 1 முதல் 4 டிகிரி குளிரில் இரண்டு மூன்று நாள் வைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். கோதுமை பீரில் கலங்கல் இருந்தால் விட்டுவிடுங்கள், அதன் இயல்பே அது.

சைஃபன் அடைக்கிறது

பீரைக் குளிரவைத்த பிறகே சைஃபன் குழாய் வழியாக வேறு கலனுக்கு மாற்றுங்கள். குழாயின் உள்ளே போகும் முனையில் கொதிநீரில் போட்டெடுத்த நைலான் வலையைக் கட்டி, முனையை மேல் பழத்துக்கும் அடி மண்டிக்கும் நடுவே பிடியுங்கள். மாம்பழக்கூழில் இரண்டு லிட்டர்வரை மண்டியோடு போகும். பழப்பையைப் பிழிந்து அதை மீட்கப் பார்க்காதீர்கள், பிழியும்போது காற்றும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும்.

நிறம் பழுப்பாகி, அட்டைப்பெட்டி வாடை வருகிறது

காற்றுப் பட்டிருக்கிறது. பழத்தின் சிவப்பும் நீலமும் ஆக்சிஜனுக்குத் தாங்காது. வந்த பிறகு மருந்தில்லை. சீக்கிரம் குளிரவைத்துச் சீக்கிரம் குடிப்பதுதான் வழி. இரண்டாவது கலனுக்கு மாற்றும் பழக்கத்தையே இப்போது பலர் விட்டுவிட்டார்கள். அதே முதல் கலனில், நொதிப்பு ஏறக்குறைய முடிந்த நிலையில், ஈஸ்ட் இன்னும் விழித்திருக்கும்போது பழத்தைப் போடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பழத்தோடு உள்ளே போகும் காற்றை ஈஸ்டே எடுத்துக்கொள்ளும், மாற்றும் வேலையும் மிச்சம். கலனை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புதுக் கலனில் முதலில் கரியமில வாயுவை நிரப்பி, குழாயை அடிவரை விட்டுச் சத்தமில்லாமல் இறக்குங்கள்.

நுரை நிற்கவே இல்லை

அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி ஆகியவற்றைப் பச்சையாகப் போட்டீர்களா? நுரையைத் தாங்குவது மால்ட்டின் புரதம். அன்னாசியில் உள்ள புரோமலெய்னும் பப்பாளியின் பப்பெய்னும் புரதத்தை வெட்டும் நொதிகள். குளிரில் பீர் கலங்காமல் இருக்க, பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த பப்பெய்னைப் பெரிய ஆலைகளே ஒரு காலத்தில் அளந்து சேர்த்தன. இலங்கையிலிருந்து அது ஏற்றுமதியும் ஆனது. அளவு மீறினால் நுரையும் போய்விடும்.

போன நுரை அந்தத் தொகுதியில் திரும்பாது. வாயுவை 2.7 வால்யூம்வரை உயர்த்தி, எண்ணெய்ப் பிசுக்கில்லாத குவளையில் ஊற்றினால் கொஞ்சமாவது தெரியும். அடுத்த முறை அன்னாசியைச் சூடாக்கிப் போடுங்கள், அல்லது டின் அன்னாசி வாங்குங்கள். டின்னில் அடைக்கும்போதே சூட்டில் நொதி செத்திருக்கும். பப்பாளியின் நொதி சூட்டை அதிகம் தாங்கும் என்பதால் அதை இன்னும் கூடுதல் நேரம் சூட்டில் வைக்க வேண்டும். தானியத்தில் ஒரு பங்கு கோதுமை மால்ட் சேர்த்துக் காய்ச்சினால் நுரைக்குத் தேவையான புரதமும் கூடும்.